பெருநகர் வாயிலில் ஒரு திருமலை
(ஓசூர்ப் பதியின் வரலாறு)

கிருட்டிணகிரியிலிருந்து வடமேற்கே பெங்களூரு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் கடந்ததும், வானத்தைத் தொட முயல்வது போன்ற சிறு குன்றமொன்று கண்ணிற்படும். அதன் உச்சியில் அருள்மிகு மரகதாம்பாள் உடனுறை சந்திரசூடேசுவரர் கோயில் கொண்டருளுகின்றார். குன்றின் அடியில் ஓசூர் மாநகரம் நாற்புறமும் பரந்து கிடக்கின்றது. மேலும் நாற்பது கிலோமீட்டர் சென்றால் பெங்களூரு. கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் அமைந்த குளிர்ந்த பீடபூமி இது. தமிழகத்தின் மேற்கு வாயில் என்று இதனைக் கூறுதல் பொருந்தும்.

இக்காலத்தார் பலர் ஓசூரைப் பெங்களூரின் புறநகர் என்றே எண்ணுகின்றனர். காலையில் அங்கிருந்து இங்கு வேலைக்கு வருவோரும், இங்கிருந்து அங்குச் செல்வோரும் எண்ணிறந்தோர். ஒரு பெருநகரின் விளிம்பில் மக்கள் நெருங்கி வாழும் ஊர், அந்நகரின் நிழலாகவே முடிந்துவிடுமா, அன்றித் தனக்கென ஓர் உயிர் உடையதாய் நிற்குமா என்னும் வினா உலகின் பல இடங்களில் எழுந்துள்ளது. ஓசூர்ப் பதியின் வரலாறு அதற்கு ஒரு விடை தருகின்றது. கும்பாபிஷேக மலர் ஒன்றில் அவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் முறையேயாகும்.

பெயரும் புராணமும்

'ஓசூர்' என்பது கன்னடத்தில் 'ஹொசூரு', அதாவது புதிய ஊர் என்னும் பொருளுடையது. தமிழில் கூறின் 'புத்தூர்' எனலாம். பெயர் புதிதாயினும் ஊர் பழையது. செவிடபாடி என்பது இதன் பழம்பெயர்களுள் ஒன்று என்பர்.

தலவரலாறு கூறும் கதை இனிமையானது. எம்பெருமான் ஒருகால் மரகதம் போல் ஒளிவீசும் உடும்பின் வடிவங்கொண்டு இக்குன்றின்மீது திரிந்தருளினார். அதன் அழகிற் சிந்தை பறிகொடுத்த உமையம்மை அதனைத் தொடர்ந்து சென்று பற்றவே, அம்மையின் திருமேனியும் மரகத நிறம் பெற்றது. அதனாலேயே அம்மை மரகதாம்பாள் எனப் பெயர் கொண்டாள். பெருமானோ பிறைமதியைச் சூடியவராகக் காட்சியளித்துச் சந்திரசூடேசுவரர் ஆனார். கல்லும் முள்ளும் நிறைந்த காட்டு மலையில், ஊர்ந்து செல்லும் ஓர் எளிய உயிரின் வடிவில் இறைவன் வெளிப்பட்டான் என்பதே இக்கதையின் உட்பொருள். நகரமும் சாலையும் தோன்றுவதற்கு முன்பே இம்மலை இறைவனுக்கு உரியதாய் இருந்தது என்பதனை அடியார் உள்ளத்தில் அது பதிய வைக்கின்றது.

பெருநகரினும் மூத்த பதி

இப்பகுதி கங்கர், சோழர், ஒய்சளர், விசயநகரத்தார் ஆகிய பலர் ஆட்சியைக் கண்டது. சோழப் பேரரசு மேற்கே பரவிய காலத்தில், கோலாரும் பெங்களூரின் சுற்றுப்புறமும் 'நிகரிலிசோழ மண்டலம்' என்னும் பெயரால் வழங்கின. ஓசூரைச் சூழ்ந்த நாடு 'முரசு நாடு' எனப்பட்டது. இம்மாவட்டத்து வயல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் இன்றும் காணப்படும் நடுகற்கள், ஆநிரை காத்தும் ஊர் காத்தும் வீழ்ந்த வீரர்களின் நினைவை ஏந்தி நிற்கின்றன. எல்லைப்புறத்து வாழ்க்கை எத்துணைக் கடினமானது என்பதற்கு அக்கற்களே சான்று.

13-ஆம் நூற்றாண்டில் இந்நிலம் சிறப்புற்றது. ஒய்சள மன்னன் சோமேசுவரனுக்குப் பின் அவன் நாடு மக்கள் இருவருக்குள் பிரிந்தது. மூன்றாம் நரசிம்மன் துவாரசமுத்திரத்திலிருந்து கன்னட நாட்டை ஆண்டான். வீர ராமநாதன் தமிழ்நாட்டுப் பகுதியைப் பெற்றுத் திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரில் வீற்றிருந்தான். பாண்டியர் வலிமை ஓங்கவே, ராமநாதன் காவிரிக் கரையை நீங்கி, ஓசூருக்கு அணித்தாகிய குந்தாணியைத் தன் தலைநகராக்கிக் கொண்டான். ஒரு பேரரசின் கிளை தன் அரியணையை நிறுத்திய இடம் இன்று ஒரு சிற்றூராய் அமைதியாகக் கிடக்கின்றது. அக்காலத்து மன்னரும் தலைவரும் இம்மலைக்கோயில் முதலிய சிவாலயங்களைப் போற்றி வந்தனர்.

ஒரு செய்தியை அன்பர்கள் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். பெங்களூரு என்னும் பெயர், பேகூரில் உள்ள ஏறத்தாழ 890-ஆம் ஆண்டைச் சார்ந்த வீரக்கல் ஒன்றில் காணப்படுவது உண்மையே. ஆயினும் கோட்டையும் பேட்டையும் கொண்ட நகரமாக அது எழுந்தது கெம்பேகவுடர் 1537-ஆம் ஆண்டில் மண்கோட்டை கட்டிய பின்னரே. அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் முற்பட்டே குந்தாணியில் முரசு ஒலித்தது. ஆகவே பெருநகரின் விளிம்பில் வந்து ஒட்டிக்கொண்ட ஊர் என்று ஓசூரைக் கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. பெருநகரமே வளர்ந்து வளர்ந்து இம்மலையின் வாயில்வரை வந்துள்ளது எனலே பொருந்தும்.

போர்க்களமாகிய எல்லை

விசயநகர ஆட்சி தளர்ந்தபின் இந்நாடு பல கைகள் மாறிற்று. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் மைசூர் அரசர் கண்டீரவ நரசராசர் காலத்தில் ஓசூர்ப் பகுதி மைசூரின் வசமாயிற்று. அடுத்த நூற்றாண்டில் ஐதர் அலிக்கும் ஆங்கிலக் கும்பினியாருக்கும் நிகழ்ந்த போர்களில் இவ்வூர்க் கோட்டை ஓயாது அல்லற்பட்டது. 1768-ஆம் ஆண்டில் ஐதர் ஓசூரை முற்றுகையிட, அதனை விடுவிக்க வந்த கர்னல் உட் தம் மூட்டை முடிச்சுகளை அருகிலுள்ள பாகலூரில் வைத்துச் சென்றார். ஐதரோ விரைந்து பாகலூர்மீது பாய்ந்து அவற்றைக் கவர்ந்து கொண்டார். 1791-ஆம் ஆண்டு காரன்வாலிசு பிரபுவின் படையெடுப்பின்போது ஓசூரும் இராயக்கோட்டையும் ஆங்கிலேயர் வசமாயின.

1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியாரைச் சேர்ந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக வந்த தாமசு மன்றோவும் அங்கு நிலங்களை அளந்து, உழவரிடம் நேரே தீர்வை பெறும் முறைக்கு அடிகோலினர். பின்னாளில் சென்னை மாகாணமெங்கும் பரவிய இரயத்துவாரி முறையின் தொட்டில் இந்நிலமே. மலைமேல் நாடாகிய ஓசூர்ப் பகுதியோ, திப்பு சுல்தான் வீழ்ந்த 1799-ஆம் ஆண்டில்தான் கும்பினியார் ஆட்சிக்கு வந்து, சேலம் மாவட்டத்துடன் இணைந்தது. அன்று வகுக்கப்பட்ட கோடே, சிற்சில மாறுதல்களுடன், இன்று இரு மாநிலங்களின் எல்லையாய் நிற்கின்றது.

போர் ஓய்ந்தபின் இப்பீடபூமியின் குளிர்ச்சியும் புல்வெளியும் ஆங்கிலேயரைக் கவர்ந்தன. 1824-ஆம் ஆண்டில் மத்திகிரியில் படைக்குதிரைகளை வளர்க்கும் பண்ணை தோன்றிற்று. அதுவே நூறாண்டுகளுக்குப் பின் அரசினர் கால்நடைப் பண்ணையாக மாறியது.

தொரப்பள்ளி தந்த பெரியார்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியார் தோன்றினார். தந்தையார் அவ்வூரின் முனிசீப்பு. ஓசூர்ப் பள்ளியிற் பயின்ற பிள்ளை, பெங்களூர் மத்தியக் கல்லூரியிற் சேர்ந்து பட்டம் பெற்று, சென்னையில் சட்டம் பயின்று, சேலத்தில் வழக்குரைஞராகி, இறுதியில் 1948-ஆம் ஆண்டில் இந்தியாவின் தலைமை ஆளுநராக உயர்ந்தார். அப்பதவியில் அமர்ந்த இந்தியர் அவர் ஒருவரே. இராமகாதையை எளிய தமிழில் அவர் எழுதிய 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமியின் பரிசைப் பெற்றது.

இவ்வாழ்க்கையில் ஓசூரின் இயல்பு நன்கு விளங்குகின்றது. வீட்டைச் சூழத் தெலுங்கும் கன்னடமும் ஒலிக்கும், பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் நிகழும், உயர்கல்விக்குப் பெங்களூரு, ஆட்சித் தொடர்புக்குச் சேலமும் சென்னையும். பெருநகரை அணுகி அதனாற் பயன் பெறுவதும், பெற்றபின் தன் மண்ணை மறவாதிருப்பதும் இவ்வூராருக்குப் புதியன அல்ல.

இருப்புப்பாதையும் ஆலைகளும்

மொரப்பூரிலிருந்து தருமபுரிவரை 1906-ஆம் ஆண்டில் குறுகிய இருப்புப்பாதை ஒன்று அமைந்தது. 1913-ஆம் ஆண்டில் அது ஓசூர்வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அப்பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. பிற்காலத்தில் சேலத்தையும் பெங்களூரையும் இணைக்கும் பாதை ஓசூர் வழியே அமைந்த பின்னரே இரயில் வண்டியின் கூவல் இங்கு மீண்டும் கேட்டது.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழியாக மாநிலங்கள் அமைந்தபோது, மும்மொழியும் வழங்கும் ஓசூர் வட்டம் சென்னை மாநிலத்திலேயே நிலைத்தது. 1965-ஆம் ஆண்டில் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 2004-ஆம் ஆண்டில் தருமபுரியிலிருந்து கிருட்டிணகிரி மாவட்டம் பிரிந்தது. இம்மாற்றங்களெல்லாம் ஏட்டில் நிகழ்ந்தவை. ஊரின் உருவையே மாற்றியது தொழில் வளர்ச்சியாகும்.

மழை குறைந்து, மானாவாரிப் பயிரை நம்பி, பிழைப்புத் தேடி மக்கள் வெளியூர் சென்ற நாடு இது. பின்தங்கிய பகுதிகளில் தொழில் வளர்க்கும் நோக்கத்துடன் 1971-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டையை அமைத்தது. பெங்களூரின் அண்மையும், இதமான தட்பவெப்பமும், நெடுஞ்சாலையும் தொழில் முனைவோரை ஈர்த்தன. 1980-ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு நிறுவனத்தின் சரக்குந்து ஆலை இங்கு எழுந்தது. அதே ஆண்டில் இருவர் அமர்ந்து செல்லத்தக்க டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி ஓசூரிலிருந்து நாடெங்கும் ஓடத் தொடங்கிற்று. 1984-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடித் தோற்றுவித்த டைட்டன் நிறுவனம், தன் கைக்கடிகார ஆலையை இங்கேயே நிறுவியது. பிறைசூடிய பெருமானின் மலையடிவாரத்திலிருந்து நாட்டு மக்களின் கைகளுக்கெல்லாம் காலங்காட்டும் கருவி சென்றது ஒரு வியப்பே.

சிற்றூராய் இருந்த ஓசூரில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 1,16,821 மக்கள் வாழ்ந்தனர். சுற்றியிருந்த ஊர்களையும் சேர்த்து 2019-ஆம் ஆண்டில் இது மாநகராட்சியாயிற்று. பெங்களூரின் மெட்ரோ இரயிலும் 2025-ஆம் ஆண்டில் பொம்மசந்திரம்வரை வந்துவிட்டது. இடையிலிருந்த வயல்களும் தோப்புகளும் மறைந்து, இரு நகரங்களையும் பிரித்துக் காட்டுவது அத்திப்பள்ளியில் உள்ள எல்லைக்கோடு ஒன்றே என்னுமாறு ஆகி வருகின்றது.

பிரெஞ்சு நாட்டில் ஓர் ஒப்புமை

பிரெஞ்சு நாட்டில் லியோன் என்பது பெரு நகரங்களுள் ஒன்று. அதன் விளிம்பையொட்டி வில்லூர்பான் என்னும் ஊர் உள்ளது. ஒரு தெருவைக் கடந்தால் லியோன் முடிந்து வில்லூர்பான் தொடங்கும். துணியாலைகளும் சாயத் தொழிலும் பெருகவே, இத்தாலி முதலிய நாடுகளிலிருந்தும் தொழிலாளர் வந்து குவிந்தனர். இன்று பதினான்கரைச் சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் அங்கு நெருங்கி வாழ்கின்றனர். லியோன் அவ்வூரைத் தன்னுடன் இணைத்துக் கொள்ள முயன்றதும் உண்டு.

அவ்வூருக்குப் பழைய நடுவிடம் என்று சொல்லத்தக்க பெருஞ்சிறப்பு ஏதும் இல்லை. ஆதலின் நகரத்தலைவராய் இருந்த லாசார் கூழோன் என்பார், 1927 முதல் 1934 வரை அரும்பாடுபட்டு, நகரமன்றம், தொழிலாளருக்குரிய கலைமன்றம், வானளாவும் குடியிருப்புகள் ஆகியவை சேர்ந்த புதிய நடுவிடம் ஒன்றைக் கட்டுவித்தார். எங்கிருந்தோ வந்த மக்கள், 'இது எம் ஊர்' என்று கூறிக்கொள்வதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதே அவர்தம் கருத்து. வில்லூர்பான் இன்றும் தனி ஊராகவே விளங்குகின்றது.

செல்வமும் ஆலையும் மட்டும் ஓர் ஊரை ஊராக்கிவிடா. மக்கள் ஒருங்குகூடும் நடுவிடம் ஒன்று வேண்டும் என்பது இதனாற் போதரும். வில்லூர்பான் மக்கள் அதனைச் செலவிட்டுக் கட்டிக்கொள்ள நேர்ந்தது. ஓசூர் மக்களுக்கோ அதனை இறைவனே ஒரு குன்றாக நிறுத்தித் தந்துள்ளான்.

தேர் இழுக்கும் கைகள்

ஆண்டுதோறும் மாசி–பங்குனித் திங்களில் முழுமதியையொட்டி நிகழும் தேர்த்திருவிழாவைக் கண்டோர் இவ்வுண்மையை நன்கு அறிவர். அன்று மலைமேலுள்ள பெருமானும் அம்மையும் அடிவாரத்தில் தேரேறி வீதியுலா வருவர். தேர் நிற்கும் இடம் தேர்ப்பேட்டை என்றே பெயர் பெற்றுவிட்டது. வடம் பிடிக்கும் கைகளில் உழவன் கையும் உண்டு, ஆலைத் தொழிலாளி கையும் உண்டு. ஒருவர் தமிழில் அழைப்பார். ஒருவர் தெலுங்கில் போற்றுவார். ஒருவர் கன்னடத்தில் வேண்டுவார். அண்மையில் வடநாட்டிலிருந்து பிழைப்புக்கு வந்த இளைஞர் தம் மொழியில் முணுமுணுப்பார். வடம் ஒன்றே, தேரும் ஒன்றே.

ஐதரும் ஆங்கிலேயரும் எல்லைக்காகப் போரிட்டனர். மொழியை முன்னிட்டு மாநிலங்கள் வகுக்கப்பட்டன. பெருமானுடைய தேரோ எவரையும் எல்லைக்கு அப்பால் நிறுத்தியதில்லை. ஆட்சிகள் வகுத்த எல்லையெல்லாம் பிரிப்பதற்கே அமைந்தன. திருவிழாவோ சேர்ப்பதற்கே அமைந்தது.

குடமுழுக்கும் நீரும்

குடமுழுக்கு என்பது நீர் விழாவேயாகும். வேள்விச்சாலையில் கலசங்களில் நிறைந்து, மந்திரங்களால் இறையாற்றல் ஏற்றப்பெற்ற நீர், விமானத்தின் உச்சியில் பொழியப்படும்போதுதான் கோயில் புத்துயிர் பெறுகின்றது. கல்லும் சுதையும் எத்துணை அழகாயினும், நீரின்றிக் கும்பாபிஷேகம் இல்லை. ஆதலின் இத்திருப்பணியை எண்ணும்போது நீரையும் எண்ணுதல் வேண்டும்.

ஓசூரின் ஆறு தென்பெண்ணை. நந்தி மலைத்தொடரில் தோன்றி, பெங்களூரின் கிழக்குப் புறமாக வந்து, ஓசூர் அருகே தமிழகத்துட் புகுந்து, கிருட்டிணகிரி வழியாகச் சென்று, அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றாகிய திருக்கோவலூரைத் தழுவி, கடலூர் அருகே கடலிற் கலக்கின்றது. கன்னட நாட்டார் இதனைத் 'தட்சிண பினாகினி' என்பர். பினாகம் என்பது சிவபெருமான் திருக்கரத்து வில். ஆற்றின் பெயரிலேயே பெருமான் உறைகின்றான்.

அத்தகைய ஆற்றின் இற்றைநாள் நிலை அடியார் உள்ளத்தை வருத்துவதாகும். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் நிறையும் கழிவுநீர் இவ்வாற்றை வந்தடைகின்றது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும்போதெல்லாம் வெண்ணுரை மலைபோற் பொங்கி எழுவதைப் பல ஆண்டுகளாக மக்கள் கண்டு வருகின்றனர். பெருநகரின் செல்வம் சாலை வழியே ஓசூருக்கு வருவது போலவே, அதன் அழுக்கு ஆற்றின் வழியே வருகின்றது. விளிம்பில் வாழும் ஊர்களுக்கு நேரும் துன்பம் இதுவே. பெருநகரின் பயனிற் பங்கு சிறிது. சுமையிற் பங்கு பெரிது.

பழி முழுவதையும் பெருநகரின்மேல் ஏற்றிவிட்டு அமைதலும் நேர்மையாகாது. ஓசூரிலேயே இராமநாயக்கன் ஏரியும் சந்திராம்பிகை ஏரியும் முன்னோர் விட்டுச் சென்ற செல்வங்கள். ஏரி வெட்டுதலும் கோயில் எடுத்தலும் பண்டை மன்னர்க்கு ஒரே அறத்தின் இரு கிளைகள். கோயிலுக்கு விட்ட நிலத்தை விளைவித்தது ஏரிநீர். அந்த நெல்லே அமுதுபடியாயிற்று. ஊர் வளர வளர, ஏரிகளின் வாய்க்கால்கள் மறைவதையும், கரைகள் குறுகுவதையும், வீட்டுக் கழிவு அவற்றிற் கலப்பதையும் இவ்வூராரே காண நேர்ந்துள்ளது.

விமானத்துக்குப் பொன்முலாம் பூசப் பொருள் ஈவோர் பேறு பெற்றவரே. இராசகோபுரத்துக்குக் கல் ஈந்தவர் பெயரைக் கல்லிற் பொறிப்பதும் தகுவதே. அதனோடு ஓர் ஏரியின் வரத்துக் காலைத் தூர்வாரவும், ஒரு தெப்பக்குளத்தைத் தூய்மை செய்யவும், ஆற்றைக் காக்குமாறு இரு மாநில அரசுகளிடமும் ஒன்றுகூடி முறையிடவும் கொடையாளர் முன்வருவாராயின், அதுவும் இறைவனுக்கு ஆற்றிய திருமுழுக்கே ஆகும். நீரைத் தூயதாக வைத்திருக்கும் ஊரிலன்றோ அடுத்த தலைமுறையினர் குடமெடுத்து விமானத்தின்மேல் ஏற இயலும்!

நிறைவு

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நிகழ்த்துவது நன்மரபு. ஒவ்வொரு குடமுழுக்கிலும் ஊர் தன்னைத் தானே அளந்து கொள்கின்றது. இனி வரும் குடமுழுக்குகளின்போது பெருநகரின் கட்டடங்கள் மலையடிவாரத்தை முற்றும் சூழ்ந்திருக்கலாம். மெட்ரோ இரயிலும் இங்கு வந்திருக்கலாம். புதிய ஆலைகளும் புதிய மொழிகளும் பெருகியிருக்கலாம். இவற்றால் அஞ்சுதற்கு யாதும் இல்லை. கங்கரும் சோழரும் ஒய்சளரும் ஐதரும் ஆங்கிலேயரும் வந்து போயினர்; மலை நின்றது; தேர் நடந்தது.

மலைமீது ஏறி நிற்கும் அடியவர், ஒரு புறம் ஆலைகளின் கூரைகளையும், மறுபுறம் ஏரிகளின் நீர்ப்பரப்பையும், தொலைவில் பெருநகரின் மங்கிய புகையையும் ஒருங்கே காண்பர். இவை அனைத்தையும் காக்கும் பொறுப்பு அடிவாரத்தில் வாழ்வோர்க்கு உண்டு என்னும் எண்ணத்துடன் அவர்கள் படியிறங்குவாராயின், கும்பாபிஷேகத்தின் பயன் முற்றும் கைகூடியதாகும்.

மரகதவல்லியுடன் மகிழ்ந்துறையும் பிறைசூடிய பெருமான், இவ்வூர் வாழவும், இவ்வாறு தூய்மை பெறவும், திருப்பணிக்குத் தோள் கொடுத்த அன்பர் அனைவரும் எல்லா நலமும் எய்தவும் திருவருள் பாலிப்பாராக!